கடைசி அரை மணி நேரம்: டெல்டா பள்ளி ஒன்றின் ஜாஸ் பேண்டில் மாணவிகள்

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில், 2022 ஜூன் முதல் 2024 ஏப்ரல் வரையிலான இரண்டு கல்வியாண்டுகளில், ஒரு ஜாஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) பேண்டுக்குள் மாணவிகள் எப்படி இடம் பிடித்தார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன். அப்பள்ளியில் நான் பாட்டு ஆசிரியை. பேண்டு மாஸ்டருக்கு உதவியாகப் பயிற்சிகளில் உடனிருந்தேன். பிள்ளைகள் வயதில் சிறியவர்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்து, அவரவர் வாசித்த வாத்தியத்தைக் கொண்டே அவர்களைக் குறிப்பிடுகிறேன். பள்ளியின் பெயரும் வேண்டாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகள் தனியாக வாசிக்கக் கூச்சப்படுவார்கள், அது அவர்கள் சுபாவம் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் வழக்கமாக இருந்தது. நான் பார்த்த வரையில் அந்தக் கூச்சத்தை உண்டாக்கியவை நான்கு: வாத்தியத்தைப் பங்கிட்ட விதம், பஸ் நேரம், சீருடை, தனி வாசிப்புக்கு ஆள் அழைத்த முறை. நான்கும் பள்ளியின் கையில் இருந்த காரியங்கள். அவற்றை மாற்றியபோது பெரும்பாலோரிடம் கூச்சம் விலகியது. ஒரு மாணவி விஷயத்தில் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அதையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

பேண்டு இருந்த நிலை

தஞ்சைச் சீமைக்கு மேல்நாட்டு பேண்டு புதிதில்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழு இருந்தது. திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளை எடுத்து ஏறத்தாழ 40 நோட்டு சாகித்யங்கள் செய்தார். இசை, நடன ஆசிரியர்களான தஞ்சை நால்வரில் வடிவேலு வயலினைக் கையில் எடுத்தவர். பின்னர் வந்த கிளாரினெட், டிரம்பெட், யுஃபோனியம் ஆகியவை கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர்ப்பவனி, இறுதி ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டுகளாக ஊருக்கு ஊர் நிலைத்துவிட்டன.

எங்கள் பள்ளியின் பேண்டும் அந்த வழியில் வந்ததுதான். மீரட்டில் செய்த பழைய பித்தளை வாத்தியங்கள், சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் அணிவகுப்பு, ஆண்டு விழாவில் விருந்தினர் வரவேற்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது வாத்திய அறையின் ஓடுகள் பறந்து, உள்ளே இருந்தவை எல்லாம் நனைந்தன. அடுத்து கொரோனா வந்து பள்ளியே மூடிக் கிடந்தது. 2022 ஜூனில் அறையைத் திறந்தபோது டிரம்பெட்டின் பிஸ்டன்கள் களிம்பேறி அசைய மறுத்தன. கிளாரினெட்டின் தக்கைகள் உதிர்ந்துபோயிருந்தன.

அப்போது வந்தவர்தான் மாஸ்டர். ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வுபெற்று, சொந்த ஊருக்குத் திரும்பியவர். அணிவகுப்பு இசையோடு, அதிகாரிகள் மெஸ்ஸில் நடன இரவுகளுக்காக ஸ்விங் என்ற நடன நடை ஜாஸ் வாசித்துப் பழகியவர். அணிவகுப்பு மட்டும் போதாது, பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்கட்டும், ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்கட்டும் என்று அவர் ஜாஸ் பேண்டு தொடங்கினார். தலைமை ஆசிரியர் தடை சொல்லவில்லை. செலவு இல்லாமல் செய்யுங்கள் என்றார், அவ்வளவுதான்.

யார் கைக்கு எந்த வாத்தியம்

முறையான பெரிய ஜாஸ் பேண்டில் 17 பேர் இருப்பார்கள்: 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன், பிறகு பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். இந்தப் பட்டியலில் புல்லாங்குழல் இல்லை, கிளாரினெட்டும் தனி இடம் பெறுவதில்லை. எங்கள் பேண்டு இதைவிடச் சிறியது. கீபோர்டுதான் பியானோவுக்கும் பாஸுக்கும் சேர்த்து ஈடுகொடுத்தது. ஆனால் இருக்கைகளின் அமைப்பு அதேதான்.

பழைய பேண்டில் பெண் பிள்ளைகள் வாசித்தவை புல்லாங்குழல், கிளாரினெட், முக்கோணம் (டிரையாங்கிள்), ஜால்ரா. ஆறாம் வகுப்பில் வாத்தியம் பங்கிடும்போது, சின்னதும் லேசானதும் பெண் பிள்ளைகளுக்கு, பெரியதும் சத்தமானதும் பையன்களுக்கு என்று எவரும் சொல்லாமலே நடந்து வந்தது. அதன் விலை ஜாஸ் பேண்டு தொடங்கிய அன்று தெரிந்தது. உட்கார நாற்காலிகளைப் போட்டபோது பெண் பிள்ளைகளின் வாத்தியங்களுக்கு நாற்காலியே இல்லை. யாரும் அவர்களை விலக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நடந்த பங்கீடு அவர்களை ஏற்கெனவே வெளியே நிறுத்தியிருந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஹெரால்ட் ஏபெல்ஸ், சூசன் போர்ட்டர் என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், டிரம்ஸ், டிராம்போன், டிரம்பெட் ஆகியவை ஆணுக்குரியவை என்றும், புல்லாங்குழல், வயலின், கிளாரினெட் ஆகியவை பெண்ணுக்குரியவை என்றும் மக்கள் மனத்தில் பதிந்திருப்பது தெரியவந்தது. ஜாஸ் பேண்டின் முதுகெலும்பான வாத்தியங்கள், முதலில் சொன்ன ஆணுக்குரிய வரிசையில் இருக்கின்றன. அங்கே பள்ளி பேண்டுகளில் பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறையாமல் இருந்தும் ஜாஸ் பேண்டுக்குள் வரும்போது மெலிந்துபோவதற்கு இந்தப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம்.

மாஸ்டர் செய்தது எளிய காரியம். 2022 ஜூலையில் எல்லா வாத்தியங்களையும் மேசையில் பரப்பினார். ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் ஊதிப் பார்த்த பிறகே விருப்பம் எழுத வேண்டும் என்றார். டிரம்பெட்டில் சத்தம் பிறப்பது மூச்சின் பலத்தைவிட உதட்டின் அமைப்பைப் பொறுத்தது. உதட்டை இறுக்கி அதிரவிடத் தெரிந்துவிட்டால் ஒல்லியான பிள்ளைக்கும் ஒலி வரும். பெண்ணுக்கு நுரையீரல் போதாது என்று வாதிட்ட சக ஆசிரியரிடம் நான் நாதஸ்வரத்தைக் காட்டினேன். டிரம்பெட்டைவிட ஒருபடி மேலாகவே மூச்சைக் கேட்கும் வாத்தியம் அது. மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய் அதை வாசித்தார். காலீஷாபி மெஹபூப் தம் கணவர் ஷேக் மெஹபூப் சுபானியோடு சேர்ந்து வாசித்து 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார். அதற்குமேல் அவர் நுரையீரலைப் பற்றிப் பேசவில்லை.

அந்தத் தேர்வில் நான்கு மாணவிகள் இடம் மாறினார்கள். இருவர் டிரம்பெட்டுக்கு, ஒருவர் டிராம்போனுக்கு, ஒருவர் டிரம்ஸுக்கு. கிளாரினெட் வாசித்த இன்னொரு மாணவி ஆல்டோ சாக்ஸபோனையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள். இரண்டுக்கும் ஒற்றை ரீடுதான் (ஊதும் முனையில் அதிரும் நாணல் தகடு) என்பதால் அது எளிதாக அமைந்தது. ரீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. காவிரிக்கரைக் கொருக்கை நாணலில் நாதஸ்வரத்துக்குச் சீவாளி செய்யும் ஊர்களும், 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரமும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்க, சாக்ஸபோன் ரீடு ஒன்றுக்காகச் சென்னைக்குப் பணம் அனுப்பிக் காத்திருந்தோம்.

உட்காருவதும் உடுத்துவதும்

டிரம்ஸ் மாணவிக்கு எட்டாம் வகுப்பு. அங்கே எட்டு வரை பாவாடை சட்டை, ஒன்பதிலிருந்து சுடிதார். டிரம்ஸ் வாசிக்க இரண்டு காலையும் அகட்டி உட்கார வேண்டும். வலது கால் பெரிய முரசின் மிதியில், இடது கால் ஹைஹாட்டின் மிதியில். பாவாடையோடு அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த முதல் நாளே, வராந்தாவில் போன ஆசிரியை ஒருவர் உள்ளே வந்து, பெண் பிள்ளை இப்படி உட்காரலாமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் பயிற்சிக்கே வரவில்லை.

இதற்கு விவாதம் தேவைப்படவில்லை, கால அட்டவணைதான் தேவைப்பட்டது. உடற்கல்வி இருக்கும் புதன், வெள்ளி இரு நாட்களிலும் எல்லோருக்கும் டிராக் பேண்ட் சீருடை. செவ்வாய்ப் பயிற்சியைப் புதனுக்கு மாற்றினோம், வெள்ளி அப்படியே நின்றது. அவள் திரும்பி வந்தாள். அவளுடைய தாய்மாமா தவில்காரர். சொற்கட்டு அவள் காதில் பிறந்ததிலிருந்து விழுந்திருக்கிறது. ஸ்விங் நடையை மாஸ்டர் ஆங்கில எண்களில் சொல்லிக்கொண்டிருக்க, அவள் அதை மூன்று எழுத்து நடையான திஸ்ரத்தில் பிடித்துக்கொண்டாள். 'தகிட'வின் நடு எழுத்தை ஊமையாக்கி முதலையும் கடைசியையும் மட்டும் தட்டினால் அந்த நொண்டி நடை வந்துவிடும். அவள் சொன்ன பிறகு பையன்களும் அப்படித்தான் எண்ணினார்கள்.

டிராம்போனுக்குத் துப்பட்டா இடைஞ்சல். ஸ்லைடை நீட்டி இழுக்கும்போது முனை சிக்கிக்கொள்ளும். அந்த மாணவி துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டாள், வயலில் இறங்கும் பெண்கள் முந்தானையை முடிவதைப் போல. அதையும் ஒருவர் ஒழுங்கீனம் என்றார். தலைமை ஆசிரியர் தலையிட்டு, பயிற்சி அறைக்குள் துப்பட்டா கட்டாயம் இல்லை என்று சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது.

கடைசி அரை மணி நேரம்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி.

பயிற்சி 4.20-க்குத் தொடங்கி 6 மணிக்கு முடியும். முதல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எழுதிய நோட்டுகளைச் சேர்ந்து வாசிப்பது. கடைசி அரை மணி நேரம் தனி வாசிப்பு: தாளமும் பாஸும் பின்னால் ஓட, ஒருவர் எழுந்து நின்று மனோதர்மமாக, அதாவது அப்போதே கற்பனை செய்து, வாசிக்க வேண்டும். ஜாஸின் உயிர் அதில்தான் இருக்கிறது. மாஸ்டர் 'யார் வருகிறீர்கள்?' என்று கேட்பார். இரண்டு மூன்று பையன்கள் எழுவார்கள். மாணவிகள் பக்கம் யாரும் எழ மாட்டார்கள்.

காரணம் வாசலுக்கு வெளியே நின்றது. பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டார் அவர்களைப் பயிற்சிக்கு விட்டதற்கே அந்த இலவசப் பயணம் ஒரு காரணம். ஆனால் அந்த வழியில் 5.35 பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். பையன்களிடம் சைக்கிள் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் மாணவிகளுக்கும் உண்டு என்றாலும், வாய்க்கால் கரைச் சாலையில் ஆறு மணிக்குமேல் பெண்ணைத் தனியாக அனுப்ப எந்த வீடும் சம்மதிக்கவில்லை. அந்தச் சாலையில் விளக்கு இல்லை என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

ஆக, தனி வாசிப்பு தொடங்கும்போது மாணவிகள் பெட்டியை மூடிக்கொண்டிருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று மாதமும் பையன்கள் வாரம் இருமுறை மனோதர்மம் பழகினார்கள். மாணவிகள் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். எப்போதாவது மழைக்காகச் சீக்கிரம் ஆரம்பித்து அவர்களும் இருக்க நேர்ந்த நாளில், மூன்று மாதம் பழகியவர்கள் முன்னால் எழுந்து நிற்கச் சொன்னால் அவர்கள் எப்படி எழுவார்கள்? இதைத்தான் சுபாவம் என்று பெயரிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எரின் வேர்-ஃப்ளவர்ஸ் என்ற ஆய்வாளர் 2006-இல், ஜாஸ் மனோதர்மத்தைக் கற்பதில் மாணவிகளுக்கு மாணவர்களைவிட நம்பிக்கை குறைவாகவும் பதற்றம் கூடுதலாகவும் இருப்பதைக் கண்டு எழுதினார். அதைப் படிப்பவர்கள் நம்பிக்கைக் குறைவைக் காரணமாக எடுத்துக்கொண்டு, பெண் பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் நான் கண்டது வேறு: நம்பிக்கைக் குறைவு, வாய்ப்புக் குறைவின் விளைவாக இருந்தது. தைரிய உரைகள் எதுவும் தேவைப்படவில்லை. 2022 அக்டோபரில், குறுவை அறுவடை முடியும் சமயத்தில், மாஸ்டர் பயிற்சியைத் தலைகீழாக்கினார். முதல் அரை மணி நேரம் தனி வாசிப்பு, பிறகு சேர்ந்து வாசிப்பு. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் போன பின், மிச்ச நேரத்தில் பையன்கள் பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டு, நோட்டுக் காகிதங்களை அடுக்கினார்கள்.

பஞ்சமமும் ஷட்ஜமும்

நேரத்தை மாற்றியது பாதி வேலை. 'யார் வருகிறீர்கள்?' என்ற கேள்வியையும் எடுத்துவிட்டோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முறை வைத்து எல்லோரும் வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒருவருக்கு நான்கு அடவு (மேல்நாட்டு இசையில் 'பார்'; ஒவ்வொன்றும் நான்கு அட்சரம்) நீளம் மட்டும். வட்டம் சுற்றி முடியும்வரை திருத்தம் கிடையாது, பாராட்டும் கிடையாது. "தப்பானால் ஆகட்டும் பாப்பா, தாளத்தை விடாதே" என்பதுதான் மாஸ்டர் சொன்ன ஒரே வாசகம்.

தொடங்குவதற்கு அவர் எடுத்த உருப்படி, அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எல்லிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்'. அதன் மெட்டில் இரண்டே ஸ்வரங்கள்: கீழ்ப் பஞ்சமம் (ப), அதற்கு மேல் ஷட்ஜம் (ச). பித்தளை வாத்தியங்களுக்கு வசதியாக அதை பி-ஃப்ளாட் சுருதிக்கு மாற்றினார். அப்படி வைத்தால் டிரம்பெட்காரர் ஒரு பிஸ்டனையும் அழுத்த வேண்டாம், டிராம்போன்காரர் ஸ்லைடை அசைக்க வேண்டாம். உதட்டின் இறுக்கத்தை மாற்றியே பவும் சவும் வாசித்துவிடலாம். இசை தெரியாத பிள்ளைக்கும் முதல் நாளே ஜாஸ் வாசித்த உணர்வு வரும்.

இங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன். ஒரே ஒலியை டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன் ஒவ்வொன்றும் வெவ்வேறு பெயரில் படிக்கும். மேல்நாட்டு முறையில் புதிய பிள்ளைகளுக்குத் தலை சுற்றுவது அதனால்தான். ச, ப என்று சொன்னால் அந்தக் குழப்பமே இல்லை. அவரவர் ஆதார ஸ்வரம் அவரவருக்கு ச. என் பாட்டு வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு, அவர்களில் மாணவிகளே மிகுதி, சட்டென்று கையில் ஒரு பிடி கிடைத்தது. ப்ளூஸ் என்ற பாட்டு வடிவத்தின் 12 அடவு 48 அட்சரம், அதாவது ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே அவர்கள் இடம் தவறாமல் வந்து சேர்ந்தார்கள்.

பாட்டின் அமைப்பும் எளிதாகப் பிடிபட்டது. ப்ளூஸில் ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு அதற்குப் பதில். வயல் வேலைப் பாட்டுகளிலிருந்து முளைத்த வடிவம் அது. டிரம்பெட் மாணவிகளில் ஒருத்தியின் ஆத்தா நடவுக்குப் போனவர். ஒருவர் எடுத்துக்கொடுக்க, வரிசையில் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவதை அவள் சின்ன வயதில் கரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இப்போது நடவு இயந்திரம் வந்து அந்தப் பாட்டு அரிதாகிவிட்டது. அவள் டிரம்பெட்டில் ஒரு துண்டு எடுத்துக்கொடுத்தால் பேண்டு முழுவதும் வாங்கி வாசிக்கும் ஒரு விளையாட்டை மாஸ்டர் அவளைக் கொண்டே நடத்தினார். எடுத்துக்கொடுக்கும் இடத்தில் அவள் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துப் பழகியது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

அடுத்த படியாகச் சுத்த தன்யாசி ராகம். ச க ம ப நி: ப்ளூஸில் வழங்கும் ஐந்து ஸ்வர ஏணி அதுவேதான், அதில் ம-வுக்கும் ப-வுக்கும் நடுவே பிரதி மத்யமத்தைத் தொட்டுப் போனால் ப்ளூஸ் வாசனை வந்துவிடும். முதலில் வாயால் பாடு, பிறகு அதையே ஊது என்று வைத்தோம். கற்பனை ஸ்வரம் பாடிப் பழகிய கிளாரினெட் மாணவி அந்த மாதத்திலேயே பையன்களைத் தாண்டிவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. நன்றாகப் பாடும் பெண்ணை மைக் முன்னால் நிறுத்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஜாஸ் வரலாற்றிலும் பாடகிக்கும் பியானோ வாசிக்கும் பெண்ணுக்கும் கிடைத்த இடம், பித்தளை வாத்தியம் ஊதிய பெண்ணுக்கு எளிதில் கிடைக்கவில்லை. எங்கள் விழாக் குழுவும் டிரம்பெட் மாணவிகளில் ஒருத்தியைப் பாடகியாக்கப் பார்த்தது. பாடினாலும் வாத்தியத்தை விட்டுவிட்டுப் பாடக் கூடாது என்று மாஸ்டர் ஒரே பிடியாக நின்றார்.

டிராம்போன்

டிராம்போன் மாணவி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவள். அதில் பிஸ்டன் கிடையாது, ஸ்லைடில் ஏழு நிலைகள். வெளியே தள்ளினால் சுருதி இறங்கும், உள்ளே இழுத்தால் ஏறும். ஏழாம் நிலைக்கு அவள் கை எட்டாது என்று சொன்னார்கள். உண்மைதான், முழுதாக எட்டவில்லை. அவளுக்கு முன் அதை வைத்திருந்த பையனுக்கும் எட்டியதில்லை, அவனிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

2023 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், வட்டத்தில் அவள் முறை வந்தது. பி-ஃப்ளாட் சுருதியில் ம மூன்றாம் நிலையில், ப முதல் நிலையில். நி மூன்றாம் நிலையில், ச முதல் நிலையில். அவள் ம-வை ஊதி, மூச்சை நிறுத்தாமல் ஸ்லைடை மெல்ல உள்ளே இழுத்தாள். நடுவில் இரண்டாம் நிலையில் பிரதி மத்யமம் தானாக வந்து மறைந்து, பஞ்சமத்தில் போய் நின்றது. நாலு அட்சரம் சும்மா இருந்தாள். பிறகு நி-யிலிருந்து ச-வுக்கு அதே இழுப்பு. சுத்தமான ஜாரு, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம். டிரம்பெட்டில் பிஸ்டனை வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய முடியாது. மாஸ்டர் தம் விதியைத் தாமே மீறி, "அம்மா, அதை இன்னொரு முறை" என்றார்.

அன்றைக்கு நான் பிள்ளைகளுக்கு மெல்பா லிஸ்டனைப் பற்றிச் சொன்னேன். 1926-இல் பிறந்தவர், பள்ளி நாட்களில் டிராம்போனை எடுத்தவர், ஜாஸ் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் பேண்டில் வாசித்தவர், மற்றவர்கள் வாசிக்க இசைக்கோவை எழுதிக்கொடுத்தவர். கூடவே, 1937-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பைனி வுட்ஸ் என்ற பள்ளி நிதி திரட்டுவதற்காக மாணவிகளைக் கொண்டே ஒரு ஜாஸ் பேண்டு தொடங்கிய கதையையும் சொன்னேன். 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்ற அந்தக் குழு 1941-இல் பள்ளியை விட்டுப் பிரிந்து சொந்தக் காலில் நின்றது. 1945-இல் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு வாசிக்கப் போனது. டிரம்பெட்டிலிருந்து டிரம்ஸ் வரை அத்தனையும் பெண்கள். டிரம்ஸ் மாணவி கேட்ட ஒரே கேள்வி, அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது. அவள் அனுபவித்ததை வைத்துப் பார்த்தால் மிகச் சரியான கேள்வி.

நின்றுபோன மாணவி

டிரம்பெட்டுக்கு மாறிய மற்றொரு மாணவி 2023 பிப்ரவரியில் நின்றுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு, பெரிய மனுஷியாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊதும் வாத்தியம் வயிற்றுக்கு ஆகாது, கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று அவள் அப்பாயி சொன்னதாகத் தெரிந்தது. நானும் மாஸ்டரும் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். வயிற்றைப் பற்றிய பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. நாதஸ்வரம் வாசிக்கும் பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்றதும் அப்பாயி சிரித்துவிட்டார்.

அவள் அப்பாவின் தடை வேறு. "பேண்டு செட்டுக்காரன் பிள்ளை என்று என் மகளைச் சொல்வார்கள் சார். சாவு வீட்டுக்கும் வாசிக்கிற வாத்தியம். ஊரில் அதற்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அதோடு, போன வருஷம் பள்ளி பேண்டை ஒரு பிரமுகர் வரவேற்புக்கு அனுப்பி, இரவு எட்டு மணிவரை பிள்ளைகளைச் சாலையில் நிறுத்தியதையும் சொன்னார். வாத்தியத்தோடு சாதியை ஒட்டிப் பார்க்கும் பார்வையை நான் ஏற்க மாட்டேன். பரம்பரையாக அந்த வாத்தியத்தை வாசித்து ஊருக்கு இசை தந்தவர்களை இழிவாக நினைக்கும் பார்வை அது. இதை அவரிடமே சொன்னேன், அவர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எட்டு மணிவரை சாலையில் நிறுத்தியது பற்றி அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை. நியாயம் அவர் பக்கம்.

அந்த மார்ச்சில், மாணவர் பேண்டை வெளி நிகழ்ச்சிக்கு அனுப்புவதில்லை என்று பள்ளி முடிவெடுத்தது. அந்த மாணவி திரும்பவில்லை. அவள் வாசித்த பாகம் ஜூன் வரை காலியாகவே இருந்தது.

இருக்கையும் பையன்களும்

பேண்டுக்குள் சேர்ந்த பிறகும் ஒரு பங்கீடு உண்டு. முதல் டிரம்பெட் உச்ச ஸ்வரங்களை ஊதும். எழுதி வரும் இசைக்கோவைகளில் தனி வாசிப்பு பெரும்பாலும் இரண்டாம் டிரம்பெட்டுக்கும் முதல் டெனர் சாக்ஸபோனுக்கும் இருக்கும். மூன்றாம் நான்காம் பாகங்களில் உட்கார்ந்தவர் வருஷம் முழுவதும் தனியாக ஒரு அடவும் வாசிக்காமலே போகலாம். மாணவிகள் பின்னால் சேர்ந்ததால் அந்தப் பாகங்களில்தான் இருந்தார்கள். உருப்படிக்கு உருப்படி இருக்கை மாறும் என்று மாஸ்டர் 2023 ஜூனில் அறிவித்தார். டெனர் வாசித்த பையன் முகம் சுருங்கினான். திறமை உள்ளவன்தானே வாசிக்க வேண்டும் என்றான். ஒரு வருஷம் கழித்து அதையே சொல், கேட்கிறேன் என்றார் மாஸ்டர். டிசம்பர் வாக்கில் அவனே டிரம்ஸ் மாணவியோடு மதிய இடைவேளையில் உட்கார்ந்து, அவள் வைக்கும் தீர்மானத்தில் சேர்ந்து முடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். மூன்று முறை அடுக்கி ஆறாவது ஆவர்த்தனத்தின் முடிவில் சமத்துக்கு வந்து விழும் தீர்மானம். அது ஜாஸ் முறை இல்லை, ஆனால் எங்கள் பேண்டின் அடையாளமாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டு முடிவில்

2024 பிப்ரவரி ஆண்டு விழாவில், மேடையில் இருந்த ஒவ்வொருவரும் தனியாக வாசித்தார்கள். சிலர் நான்கு அடவு, சிலர் பன்னிரண்டு. டிராம்போன் மாணவி முழுதாக இரண்டு சுற்று வாசித்தாள்.

அடுத்த மாதம் அவள் பிளஸ் டூ தேர்வு எழுதினாள். கேத்லீன் மெக்கீஜ் 2004-இல் வெளியிட்ட ஆய்வு என்னை விடாமல் உறுத்துகிறது. பள்ளியில் ஜாஸ் வாசித்த மாணவிகள் கல்லூரிக்குப் போன பின் அதைத் தொடர்வது, மாணவர்கள் தொடர்வதைவிட மிகக் குறைவு என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் கல்லூரிக்குக் கல்லூரி ஜாஸ் பேண்டு இருந்தும் அந்த நிலை. எங்கள் பக்கம் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, பாட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வழி இருக்கிறது, டிராம்போனுக்கு இல்லை. அவள் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். வாத்தியம் பள்ளியின் சொத்து என்பதால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முன்னாள் மாணவர்களுக்கு இரவல் தரலாம் என்று தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்றோம். முதல் கையெழுத்து அவளுடையது. சனிக்கிழமை காலையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதட்டு அமைப்பு சொல்லிக்கொடுக்க வருகிறாள்.

2024 ஜூனில் பள்ளி திறந்து மறுபடியும் வாத்தியங்களை மேசையில் பரப்பினோம். ஆறாம் வகுப்பில் டிரம்ஸ் கேட்டு நின்றவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். இருப்பது ஒரு செட். இரண்டாவது செட்டுக்காகப் பழைய மாணவர் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், 5.35 பஸ்ஸுக்குப் பின் ஆறரைக்கு ஒரு பஸ் விடக் கோரிப் போக்குவரத்துக் கழகத்துக்கும் பெற்றோர் கையெழுத்தோடு ஒரு மனு போயிருக்கிறது.